பனி வாசலில் தண்ணீர் தெளித்தவள்

மதினி,

எதிர் வீட்டில் மெத்தைக்குப் பஞ்சு அடித்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து இலவம்பஞ்சு பறந்து வந்து என் வாசல்படியில் ஒதுங்கிக் கிடக்கிறது. விளக்குமாற்றோடு போய் இரண்டு இழுப்பு இழுத்தேன். எல்லாம் மேலே கிளம்பி மூக்கில் ஏறியது. உடனே உங்கள் குரல் காதில் விழுந்தது. "டீச்சரு, பஞ்சை எழுப்பாதீங்க. தரையோட ஒட்டித் தள்ளுங்க." வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் இருபத்தோரு வருஷம் மெஷினுக்குக் கீழே குனிந்து பஞ்சு தள்ளியவர் நீங்கள். உங்களுக்குத் தெரியாத தள்ளல் உண்டா? விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஐந்து நாள் ஆகிறது. அன்றைக்குப் பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் படத்துக்குப் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. உங்கள் மகன், எனக்கு மாப்பிள்ளை, அந்தக் கதையை எடுத்தார். "எங்கம்மா கனடாவுல மைனஸ் பன்னெண்டு டிகிரியில வாசல் தெளிச்ச ஆளு" என்று ஆரம்பித்து, தபால்காரப் பெண் வழுக்கி விழுந்ததைக் கையையும் காலையும் விரித்து நடித்துக் காட்டினார். கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "மில்லுக்குப் போன பொம்பளைக்கு ஐஸப் பத்தி என்ன தெரியும், பாவம்" என்று ஒரு பெரியவர் இரக்கம் வேறு பட்டார்.

தண்ணீர் தெளித்தது நான். பூஜ்யம் டிகிரியில் தண்ணீர் உறையும் என்று இருபத்தெட்டு வருஷம் ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் எழுதிப் போட்ட நான். அதை உங்கள் பேரில் எழுதிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். அந்தப் பேரை உங்கள் மேலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது எனக்கு. அன்றைக்கு அந்தச் சபையில் நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். சிரிப்பதற்காகக் கதை சொன்னவர்கள் விட்டுவிட்டது நிறைய இருக்கிறது.

என் மகள் உமாவுக்கு இரட்டைப் பிள்ளை என்று தெரிந்ததும், ஒரு பாட்டி போதாது என்று நம் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கனடாவுக்கு டிக்கெட் போட்டார்கள். இரண்டாயிரத்து இரண்டு அக்டோபர். நான் ஓய்வு பெற்று நாலு மாதம். நீங்கள் மில்லை விட்டு ஒரு வருஷம். இரண்டு சம்பந்திகள் ஒரே அடுப்படியில் ஆறு மாதம் தாங்குவார்களா என்று திண்டுக்கல்லில் என் வீட்டாரும் வேடசந்தூரில் உங்கள் வீட்டாரும் பேசிச் சிரித்தார்கள். நாமும் சும்மா இருக்கவில்லை. என் குழம்பில் புளி தூக்கல் என்று நீங்களும், தொட்டுக்கொள்ள நீங்கள் வைக்கும் வெஞ்சனத்தில் எண்ணெய் ஒழுகுகிறது என்று நானும் முதல் பத்து நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் பிறந்த பிறகு அதற்கெல்லாம் நேரம் இல்லாமல் போயிற்று.

நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. ஜன்னலில் நின்று பார்த்த நீங்கள், "ப்ளோ ரூம்ல கதவைத் தொறந்துவிட்ட மாதிரில இருக்கு" என்றீர்கள். மில்லில் பஞ்சை உதறிப் பிரிக்கிற அறையாம் அது. எனக்கு அழகாக இருந்தது. உங்களுக்கு அது கூட்ட வேண்டிய வேலையாகத் தெரிந்தது.

அந்த ஊரில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்கு முன்னால் போகிற நடைபாதையை வீட்டுக்காரர்தான் சுத்தம் செய்ய வேண்டும். தவறினால் அபராதம். அதில் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கே போடலாம். மாப்பிள்ளை இதைச் சொன்னது கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடி, இரண்டு நிமிஷத்தில். "ஷவல் காரேஜ்ல இருக்கு. உப்பு வாளியில இருக்கு. ஃப்ரன்ட்ல மட்டும் கிளீன் பண்ணிருங்கம்மா." அவ்வளவுதான் பாடம். எப்படித் தள்ள வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும், எதைச் செய்யக்கூடாது, ஒன்றும் இல்லை. அவருக்கு வாசல் என்று ஒன்று கிடையாது. காரேஜுக்குள் காரில் ஏறி, காரேஜ் கதவு வழியே வெளியே போய்விடுவார். முன்வாசலை அந்த வீட்டில் பார்த்தவர்கள் நாம் இரண்டு பேர் மட்டும்தான்.

உங்களுக்குத் தந்தது அவருடைய பழைய பூட்ஸ். மூன்று அளவு பெரியது. இரண்டு ஜோடி காலுறை போட்டும் உள்ளே கால் ஆடியது. புது வீடு, புதுக் கார், சுவர் அகலத்துக்கு டெலிவிஷன். அம்மா காலுக்கு ஒரு செருப்பு மட்டும் கடையில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. நீங்கள் முகம் கோணவில்லை. காரேஜ் மூலையில் குளிருக்குச் செடிகளைச் சுற்றிக் கட்டும் சணல் சாக்கு கிடந்ததைக் கிழித்து பூட்ஸுக்கு மேலே கட்டிக்கொண்டீர்கள். அடியில் சொரசொரப்பு இருந்ததால் வழுக்கவில்லை. புடவைக்குள்ளே மகனுடைய பைஜாமா, மேலே அவருடைய ஜாக்கெட், மூக்கை மறைத்து மில்லில் கட்டுவது போல ஒரு துணி. அந்தக் கோலத்தில் உங்களைப் பார்த்து நானும் உமாவும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

அந்த ஷவல் அரிசி புடைக்கிற சொளகுக்குக் காம்பு வைத்தது போல இருந்தது. நான் முதல் நாள் அதில் நிறைய அள்ளித் தூக்கி எறியப் போனேன். இடுப்பில் பளீரென்று ஒரு வலி. பிடுங்கிக்கொண்டீர்கள். "டீச்சரு, தூக்குனா நீங்க போயிருவீங்க. இது பஞ்சு மாதிரித்தேன். தூக்கப்படாது, தள்ளணும்." காம்பை வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, முதுகு வளையாமல், முழங்காலை மட்டும் மடக்கி, உடம்பையே கொடுத்துத் தள்ளினீர்கள். ஒரு சாண் பனி விழும் வரை காத்திருக்க மாட்டீர்கள். நாலு விரல்கடை விழுந்ததும் ஒருமுறை, பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு ஒருமுறை, சோறு வடித்துவிட்டு ஒருமுறை. "விழ விழத் தள்ளிட்டா வேலையே இல்ல. மொத்தமாக் கெடக்கட்டும்னு விட்டா ஆளைத் தின்றும்." ஒவ்வொரு தடவையும் செத்த நேரம்தான். நெஞ்சில் இறுக்கம் தெரிந்தால் அந்த இடத்திலேயே ஷவலை நட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவீர்கள். அரைகுறையாகக் கிடந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள்.

இதையெல்லாம் யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டின் பக்கச் சுவரில் ஹீட்டரின் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இது அடைச்சா உள்ள இருக்கிற பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும்" என்று அதைச் சுற்றி முதலில் துப்புரவு செய்தது நீங்கள். கூரை விளிம்பில் ஈட்டியாகத் தொங்கிய பனிக்கட்டியைப் பக்கவாட்டில் நின்று கம்பால் தட்டிவிட்டது நீங்கள். உப்பை அள்ளிக் கொட்டாமல் விரல் இடுக்கில் தூவி, மேலே மணல் போட்டது நீங்கள். இன்னொன்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். "இங்க தண்ணி சிந்துன எடமெல்லாம் கண்ணாடியாயிருது டீச்சரு. கை கழுவுன தண்ணியக்கூட வெளியில ஊத்தப்படாது." தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

கேட்டுக்கொண்டவள்தான் மார்கழி முதல் நாள் வாளியைத் தூக்கினேன்.

முந்தின நாள் பகல் முழுக்கப் பனி கொட்டியது. நீங்கள் நாலு தரம் தள்ளிவிட்டு, தோளில் தைலம் தேய்த்துப் படுத்திருந்தீர்கள். நான் வழக்கம்போல விடியலில் எழுந்துவிட்டேன். கதவைத் திறந்து பார்த்தேன். நீங்கள் தள்ளி வைத்திருந்த வாசல் துடைத்த சிலேட்டாக இருந்தது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மார்கழி முதல் நாள் என் வாசல் வெறுமையாக இருந்தது கிடையாது. எனக்கு அழுகை வந்தது. ஊர் நினைப்பு, வீட்டுக்காரர் அங்கே தனியாகக் காப்பி போட்டுக் குடிப்பார் என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்துகொண்டது. பெட்டியிலிருந்து கோலமாவை எடுத்தேன். அரை வாளி தண்ணீர் பிடித்தேன். குழாயில் வெந்நீர்தானே வருகிறது, வெந்நீர் எப்படி உறையும், மிச்சம் மீதி ஒட்டிக் கிடக்கிற பனியையும் அது கரைத்துவிடும் என்று என் மண்டை விஞ்ஞானம் வேறு பேசியது. தெளித்தேன். விரல் விறைக்க விறைக்கக் கோலம் போட்டேன். நிமிர்ந்து பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து பிள்ளைகளுக்குப் பால் கலக்கினேன்.

பத்து மணிக்கு வெளியே ஒரு சத்தம். தபால்காரப் பெண், நல்ல ஆகிருதி, படிக்குக் கீழே மல்லாந்து கிடந்தாள். கடிதங்கள் சிதறிக் கிடந்தன. நான் கதவருகே கல்லாக நின்றேன். நீங்கள் காலுறையோடு வெளியே ஓடி, நீங்களும் வழுக்கி, தவழ்ந்தே போய்ச் சேர்ந்தீர்கள். நான் சுதாரித்துக்கொண்டு அவளைத் தூக்க வந்தபோது, "தொடாதீங்க, எலும்பு எப்படிக் கெடக்கோ" என்று தடுத்தீர்கள். சாக்கை மடித்து அவள் தலைக்கு அணை கொடுத்தீர்கள். உங்கள் கம்பளியை அவள் மேல் போர்த்திவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஐஸ் மேலேயே உட்கார்ந்திருந்தீர்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. "ஒன்னும் இல்ல ஆத்தா, ஒன்னும் இல்ல" என்று ஆம்புலன்ஸ் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். மணிக்கட்டு முறிவு என்று பிறகு தெரிந்தது.

உமா கணவருக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். நீங்கள் என்னை அடுப்படிக்குள் இழுத்தீர்கள். உங்கள் புடவை இடுப்புக்குக் கீழே நனைந்து விறைத்திருந்தது.

"டீச்சரு, தெளிச்சது நான். நீங்க வாயத் தொறக்கப்படாது."

"அதெப்படி மதினி? நான் செஞ்ச தப்பு. நானே சொல்லிர்றேன்."

"கூறுகெட்டுப் பேசாதீங்க. எம்மவன் என்னைய வஞ்சா சாயங்காலம் மறந்துருவான். ஒங்கள வைய மாட்டான். வையாம மனசுல வச்சுக்கிருவான். அந்தப் பேச்சையெல்லாம் ஒங்க மகதான் கேப்பா, ஆயுசுக்கும். நானும் ஒரு வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போனவதேன். எங்காத்தா செஞ்ச ஒரு தப்புக்கு எத்தனை வருசம் பேச்சு வாங்குனேன்னு எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளை வந்தார். வாசலில் ஒரு நிமிஷம் நின்று கீழே பார்த்தார். பிறகு உள்ளே வந்து உங்களைப் பார்த்துக் கத்தினார். "ஒனக்கு அறிவிருக்காம்மா? இது என்ன வேடசந்தூரா, வாசத் தெளிச்சு வெளையாட? அந்தப் பொம்பள கேஸ் போட்டா வீட்டை வித்துத்தான் கட்டணும். படிக்காத ஆளுன்னு காமிச்சிட்டேல்ல." நீங்கள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னீர்கள். "தெரியாமச் செஞ்சிட்டேன்ப்பா." படிக்க வைத்தவரைப் பார்த்துப் படிக்காதவள் என்று ஒரு பிள்ளை சொல்கிறது. ஷிப்ட் ஷிப்டாக நின்று, நெஞ்சில் பஞ்சு ஏறி, இருமி இருமி அவரை இன்ஜினியர் ஆக்கிய அம்மாவை. நான் என் தோளில் ஒரு பிள்ளையைப் போட்டுக்கொண்டு நின்றேன். பிள்ளை தூங்குகிறது, அதனால்தான் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கே உத்தரவு வந்தது. இனி நீங்கள் முன்கதவைத் தொடக்கூடாது. மறுநாளிலிருந்து மாப்பிள்ளையே விடியுமுன் எழுந்து பனி தள்ளிவிட்டு ஆபீஸ் போனார். அவரால் முடிந்திருக்கிறது, பாருங்கள். ஒரு மாதமாக அவரால் முடியாதது ஒரே நாளில் முடிந்துவிட்டது. நீங்கள் ஜன்னலுக்கு உள்ளே நின்று அவரைப் பார்ப்பீர்கள். "அம்புட்டையும் ஒரே தரத்துல அள்ளுறான். இடுப்பு போயிரும். போய்ச் சொல்லுங்க டீச்சரு" என்பீர்கள். நான் சொன்னதில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக வெளிக்காற்று படாமல் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தீர்கள்.

பிப்ரவரி கடைசியில் அந்தத் தபால்காரப் பெண் கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பினாள். வழக்குமில்லை, ஒன்றுமில்லை. கதவைத் தட்டி, தன்னோடு ஐஸில் உட்கார்ந்திருந்த அம்மா எங்கே என்று உமாவிடம் கேட்டாள். ஒரு சாக்லேட் டப்பா கொண்டு வந்திருந்தாள். நீங்கள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு வர மறுத்துவிட்டீர்கள். மகன் கதவுப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதற்காக. இந்தப் பாதியை மாப்பிள்ளை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

அதற்கடுத்து மூன்று குளிர்காலம் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். "அம்மாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கல அத்தே" என்றார் மாப்பிள்ளை போனில். எது ஒத்துக்கொள்ளவில்லை? குளிரையே வேலை வாங்கியவர் நீங்கள். நான் போய் இறங்கியபோது எனக்காகப் புது பூட்ஸ் காத்திருந்தது. என் அளவு, அடியில் இரும்பு முள் வைத்தது, உள்ளே கம்பளி. பெட்டியைப் பிரித்தபோது உங்கள் சாக்குக் கட்டு ஞாபகம் வந்தது. வந்தும் என்ன, காலை நுழைத்துக்கொண்டேன். பிள்ளைகளை நடத்திக் கூட்டிப் போக வழி வேண்டும் என்று பனி தள்ளினேன். மாப்பிள்ளை ஒரு நாளும் தள்ளச் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. நீங்கள் வாராவாரம் போனில் மகனோடு பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிடச் சொல்வீர்கள். "பனி எம்புட்டு? மூணு தவணையாத் தள்ளுறீங்களா? கொழாயைச் சுத்திப் பாத்தீங்களா?" பிள்ளைகளைப் பற்றிக் கடைசியில்தான் கேட்பீர்கள். அதுவும் தயங்கித் தயங்கி.

இரண்டாவது தடவை போய்விட்டு வந்து, போட்டோக்களைத் தூக்கிக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் வேடசந்தூர் வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு போட்டோவையும் கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கினீர்கள். எனக்குத் தாங்கவில்லை. "மதினி, நான் உண்மையைச் சொல்லிர்றேன். அடுத்த தரம் நீங்க போங்க" என்றேன். நீங்கள் போட்டோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா என்ன ஆகும்? ரெண்டு பேரையும் கூப்பிட மாட்டான். பிள்ளைகளுக்கு ஒருத்தியும் இல்லாமப் போகும். சும்மா கெடங்க."

அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதவே கை கூசுகிறது. ஆனால் இருந்தது. பஸ் ஏறி உட்கார்ந்ததும் நன்றாக மூச்சு விட்டேன். அடுத்த வருஷமும் போகலாம் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம் கூட.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு மதினி. யார் கேட்டார்கள் உங்களை? எல்லாச் சுமைக்கும் நீங்கள்தான் தோள் கொடுக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஏலே, யாரைப் பார்த்துப் பேசுற" என்று மகனிடம் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? மகன் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து மூன்று வாரம் இருப்பார், அதில் ஒரு வாரம் உங்கள் வீடு. அந்த ஒரு வாரத்துக்குச் சுவரெல்லாம் வெள்ளையடித்து வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருப்பீர்கள். பேரன் பேத்தி உங்கள் மடிக்குப் பழகுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அப்பத்தா என்றால் தண்ணீர் தெளித்த கதைதான் தெரியும்.

இப்போது அந்தச் சபைக்கு வருகிறேன். சிரிப்பு அடங்கவில்லை. நான் எழுந்து நின்றேன். "மாப்பிள்ளை, நிறுத்துங்க. அன்னிக்குத் தண்ணி தெளிச்சது ஒங்கம்மா இல்ல. நான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் அதிரவில்லை. வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "எனக்கு அன்னிக்கே தெரியும் அத்தே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"எங்கம்மா காலை ஷிப்டுக்கு ஓடுற ஆளு. நாலு கோடு இழுத்துட்டுப் போயிருவாங்க, அதான் அவங்க கோலம். அன்னிக்கு வாசல்ல கெடந்தது புள்ளி வச்ச தாமரை. அது டீச்சர் வீட்டுக் கோலம்ல."

"தெரிஞ்சும் ஏன் அவங்கள அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

"அதுக்காக ஒங்களப் போயி நான் எப்படி அத்தே பேசுறது? மரியாதைன்னு ஒன்னு இருக்குல்ல."

எனக்குப் பெருமை செய்கிற மாதிரிதான் சொன்னார். நான் குளிர்ந்துபோவேன் என்று எதிர்பார்த்தார். உமாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒனக்கும் தெரியுமாடி?" என்று கேட்டேன். "அன்னிக்கே சொன்னாரும்மா" என்றாள் மெதுவாக. "அத்தையே ஏத்துக்கிட்டாங்க, அப்புறம் எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டோம்."

விட்டுவிட்டார்கள். என் மகள் பேச்சு வாங்கக்கூடாது என்று அந்த அடியை உங்கள் முதுகில் வாங்கிக்கொண்டீர்கள். அந்த மகள் எல்லாம் தெரிந்து, தன் அம்மா வந்தால் தனக்குச் சௌகரியம் என்று வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பழியை ஒரு சாக்காக வைத்துக்கொண்டு பெற்ற தாயை ஆறு வருஷம் வீட்டுப் படி ஏற்றாமல் வைத்திருந்தார்கள் இரண்டு பேரும். ரகசியம் காப்பாற்றிவிட்டோம் என்ற நினைப்போடு நீங்கள் மட்டும் போய்ச் சேர்ந்தீர்கள். அங்கே ஒரு ரகசியமும் இல்லை மதினி. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெட்கம் ஒருவருக்கும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தப் பெரியவர், இரக்கப்பட்டாரே, அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். நான் சொன்னதை யாரும் மறுபடி பேசவில்லை. பேச்சு தக்காளி விலைக்குப் போயிற்று.

நேற்று அவர்கள் கனடாவுக்குக் கிளம்பினார்கள். மதுரை விமான நிலையத்துக்குப் போகும் கார் வாசலில் நின்றது. உமா என் கையைப் பிடித்து, "நவம்பருக்கு ஒனக்கு டிக்கெட் போட்டுரட்டுமாம்மா" என்றாள். வரமாட்டேன் என்றேன். கோபத்தில் சொல்கிறேன் என்று நினைத்து இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை அவளுக்குப் புரிந்தது. "அப்ப பனி விழுந்தா வாசலை யாரும்மா பாக்குறது?" என்றாள். என் மகள்தான் கேட்டாள். நான் பெற்று, நான் படிக்க வைத்த மகள். கையை விடுவித்துக்கொண்டேன்.

சின்னவள், உங்கள் பேத்தி, காரில் ஏற மறுத்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குச் சபையில் ஒரு மூலையில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஆறு வயதுக்குத் தமிழ் திக்குகிறது, ஆனால் கேள்வி திக்கவில்லை.

"அம்மாச்சி, அப்பத்தா தண்ணி ஊத்தலைன்னா, அவங்க ஏன் எங்க வீட்டுக்கு வரவே இல்ல?"

உமா அவளைக் காருக்குள் இழுத்தாள். நான் விடவில்லை. இந்த ஒரு ஆளுக்காவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று குனிந்து அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "அவங்க வர வேண்டிய எடத்துல நான் வந்துட்டேன்டி."

அவள் என் சேலையை விடவில்லை. "அப்ப நீங்க ஏன் வந்தீங்க?" என்றாள்.

கார் போய்விட்டது. நான் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன். உங்கள் பேர் மேல் கிடந்ததை எடுத்துவிட்டேன் மதினி, அது இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.